பாலத்தில் குலுங்காத வண்டி

"பாம்பன் பாலத்துல மட்டும் தூக்கிப் போடக் கூடாது மதாரு. மத்த எடத்துல எம்புட்டுக் குலுங்குனாலும் பரவாயில்ல," என்றார் சந்தியாகு.

தங்கச்சிமடத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் மதாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பாலத்துக்கு ஒண்ணு, ரோட்டுக்கு ஒண்ணுன்னு எவனும் ஷாக் அப்சார்பர் செய்யலண்ணே!"

சொல்லிக்கொண்டே வண்டியின் முன்பக்கத்தை இரண்டு கையாலும் அமுக்கி விட்டான். ஏழு பேர் உட்காரும் அந்தப் பெரிய வண்டி, கட்டிப்போட்ட வள்ளம் மாதிரி மேலும் கீழும் ஆடி, மனசே இல்லாமல் நின்றது.

"பாருங்க. ஒரு அமுக்கு அமுக்குனா ஒரே எழும்பல்ல நிக்கணும். இது தாலாட்டுது."

சக்கரத்தைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துக் காட்டினான். எண்ணெய் கசிந்து, அதன்மேல் கடல்மணல் அப்பிக் கிடந்தது. அதைப் பார்த்ததும் சந்தியாகு முகத்தைத் திருப்பிக்கொண்டார். வண்டியை மணலில் இறக்கி அலைக்குப் பக்கத்தில் ஓட்டியவன் அவர் மகன் கிளாட்சன்.

"ரெண்டும் போச்சுண்ணே. அதான் பாலத்துல ஒவ்வொரு இணைப்புலயும் டொம்மு டொம்முன்னு இடிக்குது. சோடியாத்தான் மாத்தணும். சாமான் மதுரையிலேருந்து வந்து ரெடியா இருக்கு."

"அதுக்குள்ளயா? ஏலே, காலையில நீயாப் போன் போட்டு வண்டியக் கொண்டாங்கன்ன. பாக்காமலே எப்புடித் தெரிஞ்சது?"

"ரோட்டுல போறப்பப் பாத்தேன். குதிச்சுக்கிட்டுப் போச்சு." மதார் அவசரமாக ஸ்பேனரைத் தேடினான்.

புனித அந்தோணியார்தான் இவன் காதில் ஓதியிருக்கிறார் என்று சந்தியாகு நினைத்துக்கொண்டார். சந்தியாகுவுக்கு இருந்த அவசரம் அப்படி.

போன வாடைக்காற்றுக் காலத்தில் கடலுக்குப் போன கிளாட்சன் திரும்பவில்லை. படகும் கிடைக்கவில்லை, ஆளும் கிடைக்கவில்லை. "எம்புள்ள கரையேறுற வரைக்கும் இந்தத் தீவ விட்டு நகர மாட்டேன்," என்று அன்றைக்குச் சொன்னவள்தான் அவர் மனைவி யாகப்பம்மாள். தினமும் கரையில் போய் நிற்கிறாள். இதற்கிடையில் அவளுக்கு வலது கண் பார்வை போய்விட்டது. உடனே பாலம் தாண்டி ராமநாதபுரம் வந்து ஆபரேஷன் செய்யாவிட்டால் இடது கண்ணும் போய்விடும் என்று டாக்டர் சொல்லியாகிவிட்டது. எவ்வளவு கெஞ்சியும் அவள் மசியவில்லை.

"வண்டியில ஏறுனா மட்டும் கண்ணசந்துருவா மதாரு. மகன் வாங்குன வண்டியில்லையா! சும்மா ஒரு சுத்து போயிட்டு வருவோம்னு ரெண்டு தடவ கூட்டிக்கிட்டு, சத்தமில்லாமப் பாலத்துல ஏறிப்புட்டேன். முதல் இடியிலேயே முழிச்சுக்கிட்டா. 'எங்கன போறீக? திருப்புங்க வண்டிய'ன்னு ஒரே அழுகை." சந்தியாகு முன்சீட்டில் இருந்த தூசியைத் தட்டிவிட்டார். "இன்னொரு தடவ முழிச்சா, அப்புறம் வண்டியிலேயே ஏற மாட்டா. கண்ணு போனா போனதுதான்."

மதார் ஸ்பிரிங்குக்குக் கிளாம்ப் போட்டு இறுக்கிக்கொண்டே, "முழிக்க மாட்டாக. இன்ஷா அல்லாஹ், கரண்டியில எண்ணெய் கொண்டு போனாலும் சிந்தாது," என்றான். அவன் ஏனோ நிமிர்ந்து பார்க்கவில்லை.

மறுநாள் மதியத்துக்குமேல், வெயில் சாய்ந்த நேரத்தில் வண்டி பாம்பன் பாலத்தில் ஏறியது. யாகப்பம்மாள் பக்கத்து சீட்டில் கண்மூடிக் கிடந்தாள். விரல்களுக்கிடையில் ஜெபமாலை.

முதல் இணைப்பு வந்தது. சந்தியாகு வேகத்தைக் குறைத்தார். இடி இல்லை. தலையணையில் கை வைத்த மாதிரி ஒரு அமுங்கல், அவ்வளவுதான். அடுத்ததும் அப்படியே. அட, மதார் கெட்டிக்காரன்தான்!

இரண்டு பக்கமும் கடல் அசையாமல் கிடந்தது. தூரத்துப் படகுகள் வெயிலில் கரைந்து, தண்ணீர் எது வானம் எது என்று தெரியவில்லை. சத்தமே இல்லாமல் போகப் போக, சக்கரம் ரோட்டில் பாவாமல் தண்ணீர்மேல் வழுக்கிக்கொண்டு போவதாக அவருக்குத் தோன்றியது. பின்சீட்டில் கிளாட்சன் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறான், "அய்யா, மெதுவாப் போங்க, அம்மா தூங்குது" என்கிறான். கண்ணாடியைப் பார்த்தால் இருக்க மாட்டான். அதனால் பார்க்காமலே ஓட்டினார். அந்த ஆனந்தம் பாலம் முடியும்வரை போதும் என்றிருந்தது.

பாலம் முடிந்தது. மண்டபம் வந்துவிட்டது. பனைமரங்களைப் பார்த்ததும் அவருக்கு அழுகை பொங்கியது. ஏமாற்றித்தான் கூட்டி வந்திருக்கிறேன், என்னை மன்னிச்சிரு தாயி என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டார். சத்தம் வரக் கூடாதென்று வாயைப் பொத்திக்கொண்டார்.

"அழாதீக. ரோட்டப் பாத்து ஓட்டுங்க."

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். யாகப்பம்மாள் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. மூடிய இமைக்குள்ளிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"நீ... தூங்கலையா?"

"எந்தத் தடவையும் தூங்கல. கண்ண மூடிக்கிட்டாவது தாண்டிருவோம்னுதான் ஏறுனேன். அந்த இடி இடிக்கையில, புள்ளய விட்டுட்டுப் போறமேன்னு நெஞ்சு பதறிருது. அதான் மதாரு தம்பிக்கிட்ட, பாலம் வந்ததே தெரியாத மாதிரி வண்டியச் செஞ்சு குடுப்பா, நான் சொன்னேன்னு அவுககிட்ட மட்டும் சொல்லாதன்னு கேட்டுக்கிட்டேன்," என்றவள், அவர் கையைத் தடவித் தேடிப் பிடித்துக்கொண்டாள். "புள்ள கரையேறி வாற அன்னைக்கு, அவன் மொகத்தப் பாக்க எனக்கு ஒரு கண்ணாச்சும் வேணாமா?"