பானைக்குள் மின்திருக்கை

வரதராசன்பேட்டை வீட்டு முற்றத்தில், வாயகன்ற பானைக்குள் வெயில் விழுகிறது. அடியில் கடல்மணலுக்குள் தட்டை உடலைப் புதைத்து, கண்களை மட்டும் வெளியே வைத்துக் கிடக்கிறது மின்திருக்கை மீன். தொட்டால் மின்சாரம் பாய்ந்து தோள்வரை அதிரும், பக்கவாதத்துக்கு நல்லது என்று பரங்கிப்பேட்டையிலிருந்து வரவழைத்தது; யுத்த காலம், பஸ் இல்லை, மாட்டுவண்டியில் வந்தது. சின்னப்பன் வாத்தியாரின் மரத்துப்போன வலக்கையை மனைவி மதலேனாள் அதன் முதுகில் வைக்கிறாள். "தெரியுதாங்க?" "ஒண்ணும் தெரியல. நீ தொட்டுப் பாரு." தொடுகிறாள். வழவழப்பு மட்டும்தான், அதிர்வே இல்லை. தண்ணீர் குறைந்ததென்று நேற்று இரண்டு குடம் கிணற்று நீர் ஊற்றியவள் அவள்தான். உப்புக் கடல்நீரைவிட நல்ல தண்ணீர் அதற்கு இதமாயிருக்கும் என்று நினைத்தாள். மீன் அதிலேயே செத்திருக்கிறது. "தோள்வரைக்கும் சுள்ளுனு அடிக்குதுங்க," என்கிறாள். வாத்தியார் இடக்கையால் வலக்கையைத் தூக்கி எடுத்து, யாருடையதோ போல மடியில் வைத்துக்கொள்கிறார்.