பின்வாசல் எறும்பு

"முன்வாசல்ல தராசு பிடிச்ச அம்மா சிலைக்கு இன்னும் மூக்கே வரல. நீங்க என்னடான்னா இங்க குத்துக்காலிட்டு உட்கார்ந்து எறும்பு செதுக்கிட்டிருக்கீங்களே அண்ணே."

பழைய கோர்ட்டுக் கட்டடத்தைப் புதுப்பிக்கும் இன்ஜினியர் அம்மா பொரிந்து தள்ளினாள்.

பின்வாசல் படியை ஒட்டிய கல்சுவர். முழங்கால் உயரத்தில் ஒரு கொடி, இரண்டு பூ, ஒரே ஓர் எறும்பு. சிற்பி உளியைக் கீழே வைத்தார்.

"மூக்கு சாயங்காலத்துக்குள்ள வந்துடும் மேடம்."

"பிளான்ல இது கிடையாதே. நாளைக்குப் பெரிய ஜட்ஜ் வர்றார். யாரைக் கேட்டு செஞ்சீங்கன்னு என்னைத்தானே நிக்க வச்சுக் கேப்பார்?"

"தப்புதான் மேடம்."

"செஞ்சதுதான் செஞ்சீங்க, கண்ணுக்கு நேரா செஞ்சிருக்கக் கூடாதா? இவ்வளவு கீழே யார் பார்க்கப் போறா?"

"இந்த வழியா வர்றவங்க கண்ணு இங்கதான் மேடம் படும்."

அவளுக்குப் புரியவில்லை. எதிர்த்துப் பேசுகிறாரே என்றுதான் பட்டது. கல் தேய்க்கும் மெஷின்காரரைக் கூப்பிட்டாள்.

"இதை வழவழன்னு தேய்ச்சு விட்டுடுங்க."

அவர் வயரைப் பிரிப்பதற்குள், விசாரணைக்கு ஆளைக் கொண்டுவரும் போலீஸ் வேன் வந்து நின்றது. விலங்கு பூட்டிய கையோடு ஒருவன் இறங்கினான். தலை நெஞ்சோடு ஒட்டிக் கிடந்தது.

படியில் கால் வைத்தவன் நின்றான். கொடியைப் பார்த்தான். பூவைப் பார்த்தான். எறும்பைப் பார்த்ததும் உதட்டோரம் லேசாக அசைந்தது.

"நடப்பா" என்றார் போலீஸ்காரர். அவரும் குனிந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளே போகும்போது அவன் தலை கொஞ்சம் நிமிர்ந்திருந்தது.

இன்ஜினியர் அம்மா குனிந்து அந்த எறும்பைப் பார்த்தாள். எத்தனை தடவை இந்தச் சுவரை அளந்திருப்பாள். குனிந்து வருகிறவர்களின் கண்ணை அளக்கத் தோன்றவில்லையே.

"மெஷினை எடுத்துட்டுப் போங்க. ஜட்ஜ் கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்."

புடவையை ஒதுக்கிக்கொண்டு அவளும் சிற்பியின் பக்கத்தில் குத்துக்காலிட்டாள்.

"கொடி சரி, பூ சரி. எறும்பு எதுக்கு அண்ணே?"

எறும்பின் மேல் படிந்திருந்த கல்தூசியை அவர் மெல்ல ஊதினார்.

"பதினாறு வருஷத்துக்கு முந்தி, செய்யாத தப்புக்கு விலங்கு மாட்டி என்னை இதே படியில நிறுத்தி வச்சிருந்தாங்க மேடம். அன்னைக்கு எனக்குத் துணைக்கு வந்தது இது ஒண்ணுதான்."