ராங் நம்பர்

ஷிப்டுக்குக் கிளம்பும் புருஷனுக்காக மாணிக்கம்மாள் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். அவள் போன் அடிக்க, பக்கத்து வீட்டு பாயிஜா எடுத்தாள்.

"நெய்வேலி செவ்வந்தி வீடுங்களா? கோயமுத்தூர் பக்கம் ஸ்பின்னிங் மில்லுங்க. அந்தப் புள்ளையோட துப்பட்டா மெஷின்ல சிக்கிருச்சுங்க. உசுரு போயிருச்சு. அவங்கம்மாகிட்டப் பக்குவமா சொல்லுங்க."

அப்போது தண்ணீர்க் குடத்துடன் உள்ளே வந்தாள் மாணிக்கம்மாளின் மகள் செவ்வந்தி.

"யோவ், செவ்வந்தி என் எதிர்லதான்யா நிக்கிது! ராங் நம்பர்!" கத்திவிட்டு போனை வைத்தாள். "நீ மில்லுல செத்துட்டியாம்டி!" என்று சிரித்தாள்.

யாரும் சிரிக்கவில்லை. மாணிக்கம்மாள் மாவுக் கையோடு போனைப் பிடுங்கினாள்.

"மில்லுல பதினெட்டு வயசு ஆயிருக்கணும்னாங்கக்கா." செவ்வந்தி குடத்தைக் கீழே வைத்தாள். "என் ஆதார் கார்டக் குடுத்துதான், எட்டாவது படிச்சிகினு இருந்த தங்கச்சிய அனுப்பினோம்."