நேராகப் போகும் பிளேன்

“வெள்ளிக்கெழமை சாயங்காலம் நாலு மணிக்குக் கப்பலு கெளம்பிருதுங்கய்யா. எங்க வீட்டுக்காரரு இன்னைக்கு மதுரையிலருந்து ஆறு மணி பஸ்ஸுக்கு வந்துருவாக. அவுக வாரதுக்குள்ள டிக்கெட்ட முடிச்சுக் குடுத்துருங்க.”

பஞ்சம்மாள் மேசையின் விளிம்பை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தாள். உச்சி வெயிலில் செருப்பில்லாமல் நடந்து வந்தவள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒற்றை அறையில் கப்பல், விமான டிக்கெட் ஏஜென்சி நடத்திக்கொண்டிருந்தார் வீரபத்திரன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அவள் நீட்டிய கடிதத்தைப் படித்தார். வெள்ளைக்காரர்கள் நாடு நாடாகச் சுற்றிப் பார்க்கும் உல்லாசக் கப்பல் ஒன்றின் சலவைப் பகுதியில் அவள் புருஷன் நாகையாவுக்கு இரண்டு வருஷ வேலை. பன்னிரண்டாம் தேதி வெள்ளிக்கிழமை சிங்கப்பூரில் ஏற வேண்டும். விமானச் செலவு கம்பெனியுடையது. எந்த விமானம் என்று முடிவு செய்வது மட்டும் இவர்கள் பாடு.

“நாகையா ஏன் வரல?”

“அம்மை குத்தி சர்டிபிகேட்டு வாங்கப் போயிருக்காகய்யா. டிக்கெட்ட நீயே போட்டு வந்துருன்னு சொல்லிட்டாக. நூலு கெடைக்காம தறி நின்னு நாலு மாசமாச்சு. இந்தக் கப்பல விட்டா நமக்கு வேற கதியில்லன்னு ஒத்தக் கால்ல நிக்காக.”

குரல் உடைந்தது. வீரபத்திரன் கூஜாவிலிருந்து தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். அவள் தொடவில்லை.

போன மாதம் வீரசோழன் ஊர்க்காரர் ஒருவரைக் கொழும்பு வழியாகப் போகும் விமானத்தில் அனுப்பிவைத்தார் வீரபத்திரன். அது கொழும்பிலேயே ஒரு நாள் நின்றுவிட்டது. கப்பலைக் கோட்டை விட்டுத் திரும்பி வந்த அந்த மனிதர் இதே இடத்தில் நின்று அழுதது இன்னும் அவர் கண்ணிலேயே இருந்தது. இந்தப் பெண்ணுக்கும் அப்படி ஆகிவிடக் கூடாது.

“கேளும்மா. மெட்ராஸ்லருந்து ரெண்டு பிளேனு இருக்கு. ஒரு கம்பெனிக்காரன் செவ்வாக்கெழமை விடுறான், நேரா சிங்கப்பூரு, ராத்திரிக்கே எறக்கி விட்டுருவான். இன்னொருத்தன் வியாழக்கெழமை, கொழும்பு வழியா. வெள்ளிக்கெழமை மத்தியானம் பன்னெண்டு மணிக்குத்தான் போயிச் சேரும்.”

“பன்னெண்டு மணி” என்று முணுமுணுத்தாள் அவள். “லேட்டாகுமாய்யா அது?”

“ஆனாலும் ஆகும். அத நம்ப முடியாது.”

“லேட்டாச்சுன்னா கப்பலு காத்திருக்குமா?”

“கப்பலாவது காத்திருக்கிறதாவது! மந்திரியே வந்தாலும் நிக்காது.”

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள் பஞ்சம்மாள். தோள்கள் குலுங்கின.

“அட, அழுவாதம்மா. நான் எதுக்கு இருக்கேன்?” என்று செவ்வாய்க்கிழமை விமானத்துக்கு இடம் கேட்க மெட்ராஸுக்கு அர்ஜென்ட் டிரங்க் கால் பதிவு செய்தார் வீரபத்திரன்.

மணி மூன்றடித்தது. நான்கும் அடித்தது. போன் அடிக்கவில்லை. வெளியே ஒவ்வொரு பஸ் வந்து நிற்கும்போதும் அவள் வாசலுக்கு ஓடி எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள்.

அவள் மனசை மாற்ற எண்ணிப் பேச்சுக் கொடுத்தார். “ஒங்க வீட்ல இதுக்கு முன்னாடி யாராச்சும் கப்பலுக்குப் போயிருக்காகளா?”

“எங்க அண்ணன் சௌடப்பன் போனாருங்கய்யா. மூணு வருசமாச்சு. அவரு பெட்டி வீட்லதான் கெடக்கு.”

“அப்பப் புதுப் பெட்டி வாங்குற வேலை மிச்சம். மச்சான் பெட்டியையே மாப்பிள்ளை கொண்டுபோயிரலாம்!”

அவள் தரையைப் பார்த்தாள். “அந்தப் பெட்டி மட்டுந்தான்யா திரும்பி வந்துச்சு” என்று முனகும்போதே போன் அலறியது.

“அலோ! மெட்ராஸா? செவ்வாக்கெழமை சிங்கப்பூருக்கு ஒரு சீட்டு! என்னது, ஃபுல்லா? அப்படிச் சொல்லாதீங்க சார், ஒரு குடும்பமே இதத்தான் நம்பிக்கிட்டு நிக்கிது!”

கெஞ்சினார், அதட்டினார். லைன் அறுந்தது. மறுபடியும் பதிவு செய்துவிட்டு, சட்டை தொப்பலாக நனைய உட்கார்ந்திருந்தார். மெட்ராஸ் மீண்டும் கிடைத்தபோது மணி ஐந்தே முக்கால். யாரோ ஒருவர் பயணத்தை ரத்து செய்திருந்தார்.

“நாகையா! நா…கை…யா! ஆமா சார், போட்டுக்கங்க, இன்னும் அஞ்சே நிமிசத்துல முடிவு சொல்லிருதேன்!”

ரிசீவரைக் கையிலேயே பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். தன் வீட்டுக் கல்யாணம் நிச்சயமான மாதிரி இருந்தது அவருக்கு.

“கெடைச்சிருச்சும்மா! ஒரே ஒரு சீட்டு, அதுவும் நேரா போற பிளேன்ல. கப்பலு கெளம்புறதுக்கு மூணு நாளு முன்னாடியே போயி எறங்கிருவாரு. இனிமே அந்தக் கப்பலு தப்பவே தப்பாது!”

பஞ்சம்மாளின் முகத்தில் ரத்தமே இல்லை. வாசலில் மதுரை பஸ்ஸின் ஹாரன் சத்தம் கேட்டது. அவள் பாய்ந்து வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“கப்பலு போனதுக்கப்புறம் போயிச் சேர்ற பிளேனு ஒண்ணு கூட இல்லையாய்யா?”