சகலை வண்டியின் சத்தம்

"இரும்பு சார் இது. வெட்டினா வெட்டினதுதான், திரும்ப ஒட்ட முடியாது. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்றார் மெக்கானிக்.

மேஜை மேல் ஸ்போர்ட்ஸ் காரின் ரோட்டரி இன்ஜின் பிரித்துக் கிடந்தது. முக்கோண ரோட்டர்கள் ஒரு பக்கம், கனமான இரும்புத் தட்டுகள் ஒரு பக்கம். காற்றும் பெட்ரோலும் உள்ளே நுழையும் ஓட்டையைச் சுற்றி நீலத்தில் ஒரு கோடும் சிவப்பில் ஒரு கோடும் போட்டு வைத்திருந்தார்.

"நீலம், ஸ்ட்ரீட் போர்ட். ஓட்டையைக் கொஞ்சம் பெரிசாக்கி விடுறது. தினம் ஆபீசுக்குப் போய் வர்ற வண்டிக்கு அது போதும். வேகமும் கூடும், வண்டியும் சாதுவா இருக்கும்."

"சிவப்பு?"

"பிரிட்ஜ் போர்ட். பக்கத்துலயே இன்னொரு ஓட்டை, நடுவுல பாலம் மாதிரி ஒரு துண்டு இரும்பு. ரேஸுக்குப் பிரமாதம். ஆனா சிக்னல்ல நின்னா டப டபன்னு குதிக்கும். பெட்ரோலைக் குடம் குடமா குடிக்கும். வீட்ல அம்மா ஒரு நாள் உக்காந்தா மறுநாள் பஸ்ல போயிடுவாங்க."

"டப டபன்னு சத்தம் வருமா?"

"வராமயா? நாலு தெரு தள்ளிக் கேக்கும்."

வண்டிக்காரரின் முகம் மலர்ந்தது. மாமனார் வீட்டில் அவர் பெரிய மாப்பிள்ளை. அவருடைய வயிற்றெரிச்சல் மொத்தமும் சின்ன மாப்பிள்ளை மேல்தான்.

சகலையிடமும் இதே கார்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த டப டப தெருமுனையில் கேட்டதுமே மாமனார் செருப்பைத் தேடுவார். மாமியார் அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு ஓடுவார். கட்டின பெண்டாட்டியே கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடி, முகம் சிவக்க, மூச்சு வாங்க, சிரித்துக்கொண்டே திரும்பி வருவாள். பெரிய மாப்பிள்ளை மட்டும் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு சோபாவை விட்டு அசைய மாட்டார். அந்தத் துரையை வரவேற்க இவர் வேறு போக வேண்டுமாக்கும்.

இவர் வண்டியோ பூனை மாதிரி வந்து நிற்கும். காலிங் பெல்லை அடித்த பிறகுதான், "அடடே, எப்ப வந்தீங்க மாப்ளே?" என்பார்கள்.

"வண்டியில என்ன வேலை பண்ணினேன்னு வெக்கத்தை விட்டு அவன்கிட்டயே கேட்டேண்ணே. 'நான் ஒண்ணும் பண்ணலண்ணா, அதுவா வந்துச்சு'ன்னு தலையைக் குனிஞ்சுக்கறான். அமுக்குணி."

"அவர் வண்டி எங்கிட்ட வந்ததில்ல, அதைப் பத்தி நான் சொல்ல முடியாது. ஆனா சார், புலியைப் பாத்துப் பூனை சூடு போட்டுக்கிட்ட கதை தெரியும்ல?"

"சிவப்புக் கோட்டுலயே வெட்டுங்க."

மெக்கானிக் கிரைண்டரை எடுத்தார். பொறி பறந்தது. பெரிய மாப்பிள்ளைக்கு வயிறு குளிர்ந்தது.

மனைவி அம்மா வீட்டுக்குப் போயிருந்த சமயம் பார்த்து வேலையை முடித்துவிட்டார். ஆபீஸ் போகும் வழியில் வண்டி சிக்னலுக்குச் சிக்னல் முரண்டு பிடித்தது. மெதுவாகப் போனால் உலுக்கி எடுத்தது. முதுகு வலித்தது. போகட்டும், ஞாயிற்றுக்கிழமை வரட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமையும் வந்தது. மாமனார் வீட்டுத் தெருமுனையில் வண்டியைத் திருப்பினார். டப டப டப.

நினைத்தபடியே கதவு திறந்தது. மாமனார் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடி வந்தார். பின்னாலேயே மாமியார், மனைவி, மைத்துனி. எல்லோருக்கும் முன்னால் சகலை. கல்யாணத்தன்றுகூட அவருக்கு இப்படி ஒரு வரவேற்பு கிடைத்ததில்லை. நெஞ்சு நிறைந்து போய்க் கண்ணாடியை இறக்கினார்.

யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பழகியவர்கள் மாதிரி வரிசையாக வண்டிக்குப் பின்னால் போனார்கள். மாமனார் சட்டைக்கையை மடித்துவிட்டு டிக்கி மேல் கை வைத்தார்.

"உங்க இன்ஜினும் போயிடுச்சா மாப்ளே? அணைஞ்சு போறதுக்குள்ள நியூட்ரல்ல போடுங்க, உள்ளே தள்ளிடறோம். சின்ன மாப்பிள்ளை வண்டியைத் தள்ளித் தள்ளி எங்களுக்குப் பழகிப் போச்சு."

சகலை ஜன்னலருகே குனிந்து அவர் தோளைத் தட்டினான்.

"கவலைப்படாதீங்கண்ணா. இதே சத்தத்தை வெச்சுக்கிட்டு நானும் வாராவாரம் உங்க வண்டியைப் பாத்து வயிறெரிஞ்சவன்தான். பெரிய மாப்பிள்ளைகிட்ட மட்டும் சொல்லிடாதீங்கன்னு இவங்களையெல்லாம் கெஞ்சி வெச்சிருந்தேன். போன வாரம்தான் சரி பண்ணி எடுத்தேன். இப்ப உங்க பழைய வண்டி மாதிரியே, வந்து நின்னா ஒருத்தருக்கும் தெரியறதில்ல."