மோட்டார் கொடுத்த தோழர்

பழைய வாஷிங் மெஷின்களைத் தேடிப்பிடித்துச் சரிசெய்து காட்சிக்கு வைக்கும் ஒருவரின் கொட்டகையில் இரண்டு மெஷின்கள் இருந்தன. ஒன்றுக்குப் புதுப் பெயின்ட் அடித்தாகிவிட்டது. உள்ளே மோட்டார் இல்லை. மற்றது துருவேறிக் கிடந்தது. மோட்டார் மட்டும் நன்றாக ஓடியது. ஒன்றைத்தான் பிழைக்க வைக்க முடியும் என்று அவர் ஸ்பானரோடு யோசித்துக்கொண்டிருந்தார்.

மோட்டார் இல்லாவிட்டாலும் பெயின்ட் அடித்ததற்கு வாய் இருந்தது.

"தோழரே, நம் இனத்துக்காக உங்கள் மோட்டாரைத் தாருங்கள். வரலாறு உங்களை மறக்காது."

"உங்கள் பெயின்டை எனக்குத் தரலாமே, தோழரே?"

"பெயின்டைக் கழற்ற முடியாது. மோட்டாருக்கு நாலே போல்ட். நடைமுறையைப் பாருங்கள்."

துருவேறியது பதில் யோசிப்பதற்குள் அவர் மோட்டாரைக் கழற்றி மாற்றிவிட்டார்.

கண்காட்சியன்று மேடை கிடைக்கவில்லை. துருவேறிய கூட்டைக் கவிழ்த்து, அதன்மேல் பெயின்ட் அடித்ததை ஏற்றி வைத்தார்கள். சுவிட்சைப் போட்டதும் அது குலுங்கிக் குலுங்கி ஓடியது. கூட்டம் கைதட்டியது.

"பார்த்தீர்களா தோழரே! நாம் தோளோடு தோள் நிற்கிறோம்!" என்று மேலிருந்து முழங்கியது.

"ஆடாமல் நில்லுங்கள் தோழரே" என்றது கீழே இருந்தது. "தோள் என்னுடையது. உங்களுடையது கால்."