எண்பதாவது வாரம்

“நன்றி கெட்ட ஜென்மம்னு இதைத்தான் சொல்றது!” என்று தனபால் கத்தியதும், எதிரே அமர்ந்திருந்த சந்திரசேகர் காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

சந்திரசேகர் சேலத்திலிருந்து வந்திருந்தார். ஓய்வுக்குப் பிந்திய வாழ்க்கையைத் திட்டமிட்டுக் கொடுப்பது அவர் தொழில். மோகனூர்ச் சாலையில் ஐந்து ஷெட்டுகளில் முட்டைக்கோழி வளர்க்கும் தனபாலுக்கு, வரும் தை மாதம் அறுபது வயது நிறைகிறது. காலையிலிருந்து இருவரும் அதைப்பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்துத்தான் காளியாத்தாள் வாசற்படியில் வந்து நின்றாள். முப்பத்தோர் ஆண்டுகளாக அந்தப் பண்ணையில் வேலை செய்பவள்.

“தை மாசத்துல இருந்து நான் வேலைக்கு வரலீங்க மொதலாளி. முன்னாடியே சொல்லிப்போடலாம்னு வந்தேன்” என்றாள். தனபால் கத்தியது அதற்குத்தான்.

“யாரைக் கேட்டு முடிவு பண்ணுன?”

“யாரையுங் கேக்கலீங்க.”

உள்ளேயிருந்து தனபாலின் மனைவி ராசாத்தி வந்தாள். “ஏன் காளியாத்தா, பொங்கலுக்குப் பொங்கல் சேலை எடுத்துக் குடுக்கறமே, அதைக்கூட நெனைக்கலியா?”

“அதத்தானுங்க அம்மிணி கட்டியிருக்கறேன்.”

“வாயப் பாரு!” என்றார் தனபால். “எந்தப் பண்ணைக்காரன் ஆசை காட்டுனான்? அதைச் சொல்லு.”

“எந்தப் பண்ணைக்கும் போகலீங்க. ஊட்டுல இருக்கப் போறேன்.”

“ஊட்டுல இருந்தாச் சோறு தானா வந்து உழுகுமா?”

“ஆறு வெள்ளாடு நிக்குதுங்க. கூரை மாத்தி ஓடு போட்டாச்சுங்க. தபாலாபீசுலயும் மாசாமாசம் போட்டுட்டு வாரேன். காலு நல்லா இருக்கறப்பவே நின்னுக்கலாமுன்னு.”

“பரவாயில்லையே!” என்று சந்திரசேகர் தம்மையறியாமல் சொல்லிவிட்டார்.

தனபால் அவர் பக்கம் திரும்பினார். “கேட்டீங்களா சார்? எத்தனை வருசமாத் திட்டம் போட்டிருக்கா பாருங்க! நம்ம உப்பைத் தின்னுக்கிட்டே!”

கால் மணி நேரத்துக்கு முன்புதான் அதே நாற்காலியில் அமர்ந்து தனபால் திட்டத்தின் பெருமையைச் சந்திரசேகருக்கே விளக்கியிருந்தார்.

“எங்க தொழிலே திட்டந்தானுங்க சார். ஒவ்வொரு ஷெட்டு வாசல்லயும் அட்டை மாட்டியிருக்கும். உள்ள இருக்கற கோழிக்கு இது எத்தனாவது வாரம்னு அதுல இருக்கும். எண்பதாவது வாரம் வந்துச்சுன்னா, கறிக்குக் கொண்டுபோற லாரி வாசல்ல நிக்கோணும். முட்டை கொறைஞ்ச கோழிக்கு ஒரு நாள் சேத்துத் தீவனம் போட்டாலும் தெண்டம்.”

“உங்க வேலையாட்களுக்கு வயசானா என்ன ஏற்பாடு?” என்று அப்போது சந்திரசேகர் கேட்டிருந்தார்.

“அவங்களுக்கென்னங்க, நான் இருக்கறேன்ல?”

திட்டத்தின் முதல் பக்கத்தையும் அப்போதே எழுதி முடித்திருந்தார்கள். தனபாலும் ராசாத்தியும் ஏற்காட்டு வீட்டுக்குக் குடிபோவார்கள். மகன் பெங்களூரை விட்டு வரமாட்டான். ஆகவே, பண்ணைப் பொறுப்பு: காளியாத்தாள்.

அந்தப் பக்கத்தைத்தான் தனபால் இப்போது எடுத்து ஆட்டினார்.

“உன்னை நம்பித்தானே மொதப் பக்கத்துலயே உம்பேர எழுதி வெச்சிருக்கறேன்! இப்ப எந்தலையில மண்ணை வாரிப் போடறியே?”

“எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலீங்களே.”

“உங்கிட்ட என்ன கேக்கறது?”

சந்திரசேகர் குறுக்கிட்டார். “அவங்களுக்கு என்ன வயசுங்க?”

தனபால் விழித்தார். ஐந்து ஷெட்டுக் கோழிகளின் வயதையும் நாள் தவறாமல் சொல்லக்கூடியவர் அவர்.

“இவளுக்கா? இருக்கும்... ஐம்பது, ஐம்பத்திரண்டு.”

“மொதலாளியவிட ரெண்டு வயசு மூப்புங்க” என்றாள் காளியாத்தாள்.

ராசாத்தி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். தனபாலின் கோபம் மட்டும் தணியவில்லை. வேறு வழி தேடியது.

“சரி, வயசாயிருச்சு. அதுக்காக? முடியாத காலத்துல உன்னை நான் பாக்கமாட்டனா? அந்த நம்பிக்கை கூடவா இல்லாமப் போச்சு? தங்கமுத்துவ நான் எப்படிப் பாத்தேன்னு உனக்குத் தெரியாதா?”

அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்த காளியாத்தாள் நிமிர்ந்தாள். குரல் உயரவில்லை.

“தெரியுமுங்க. இருவத்தஞ்சு வருசம் தீவன மூட்டை தூக்குன மனுசன். இடுப்புப் புடிச்சு உக்காந்த மறுநாளே, ஒரு வேட்டியும் முப்பது முட்டையும் குடுத்து, இனி வரவேண்டாம்னு சொல்லிட்டீங்க.”

“வெறுங்கையோடவா அனுப்புனேன்? ஊடு வரைக்கும் வண்டி வெச்சுக் கொண்டுபோய் உட்டேனே!”

“ஆமாங்க. அன்னைக்கு மூணாம் ஷெட்டுக்கு எண்பதாவது வாரம். கோழி ஏத்தவந்த லாரி அவரூட்டு வழியாத்தான் போகுதுன்னு, அதுலயே ஏத்தி உட்டீங்க. கூண்டை அடுக்குனது நானுங்க. தங்கமுத்தண்ணனைக் கைத்தாங்கலா ஏத்துனதும் நானுங்க.”

காளியாத்தாள் படியிறங்கிச் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

“எழுதப் படிக்கத் தெரியாட்டியும், வாராவாரம் அந்த அட்டையில நம்பர் மாத்தறது நாந்தானுங்களே மொதலாளி. அன்னைக்குப் பொழுதோட எங்கூட்டுச் செவுத்துலயும் எனக்குன்னு ஒரு அட்டைய மாட்டிப்போட்டேன். என்னைய ஏத்தறதுக்கு லாரி வர்றதுக்குள்ள, எங்காலுலயே நடந்து போயிரோணும்னு.”